எடைக்குப் போட வேண்டாம், திறந்து பாருங்கள்

பழைய வண்டி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணாச்சி, அப்பா ஓட்டிய மார்க்-2 அம்பாசடர் வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் பல வருடமாக நிற்கிறது. புது பேட்டரி போட்டும் செல்ஃப் 'டக்' என்று அடித்து நின்றுவிடுகிறது. இன்ஜின் அசையவே இல்லை. "இதை எடைக்குப் போட்டுவிட்டு வேறு டீசல் இன்ஜின் ஏற்றலாம்" என்கிறார் ஒரு மெக்கானிக். செய்யலாமா? (வாசகர், குளச்சல்)

பதில்: வேண்டாம் தம்பி. ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் பாகத்தை, கழற்றிக்கூடப் பார்க்காமல் ஓர் இன்ஜினைச் செத்தது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கத்திலிருந்து வரும் வண்டிகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். நாலு சிலிண்டர் இன்ஜின் எப்படி நின்றாலும் ஏதாவது ஒன்றில் வால்வு திறந்திருக்கும். சைலன்சர் வழியாகவும் கார்புரேட்டர் வழியாகவும் உப்புக்காற்று அதற்குள் இறங்கி, பிஸ்டன் ரிங்கைப் போரோடு, அதாவது சிலிண்டரின் உள்சுவரோடு, துருவால் ஒட்டிவிடும். பக்கத்துச் சிலிண்டர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒரு சிலிண்டர் பிடித்ததற்காக முழு இன்ஜினையும் எறிவது எனக்குத் தாங்காத விஷயம்.

இனிமேல் செல்ஃப் அடிக்காதீர்கள், ஃப்ளைவீல் பல் போய்விடும். கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணவும் யாரையும் விடாதீர்கள். நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். எதன் நுனி சிவந்திருக்கிறதோ அந்தச் சிலிண்டர் மேல்தான் சந்தேகம். டீசலும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் கலந்து நாலு துளையிலும் ஊற்றி ஊற விடுங்கள். ஆயில் இறங்க இறங்கத் திரும்ப ஊற்றுங்கள். ஒரு வாரம் பொறுத்து, பிளக் போடாமலே, டாப் கியரில் வைத்து வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். முன்பக்க ஹேண்டிலிலும் முயலலாம். ஒரு நூல் அசைந்தாலே போதும், மீதி தானாக வரும். வந்ததும் பழைய ஆயில் முழுவதையும் வடித்து மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

அசையாவிட்டால் ஹெட்டைத் தூக்க வேண்டியதுதான். இங்கேதான் கெட்டிக்கார மெக்கானிக்கும் அவசரக்காரனும் பிரிகிற இடம். வால்வுகளை அமுக்கும் ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நாலு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ஆகவே ரேடியேட்டர் தண்ணீரை வடித்த பிறகு, எல்லா நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றித் தளர்த்த வேண்டும். ராக்கரை மட்டும் முதலில் பிடுங்கினால் ஹெட் வளையும். ராக்கரைக் கீழிருந்து தள்ளும் கம்பியான புஷ் ராடை உருவும்போது ஒரு திருகு திருகிவிட்டு இழுக்க வேண்டும். இல்லையென்றால் ஆயில் பசையில் கீழே அதைத் தாங்கி நிற்கும் டேப்பெட்டும் கூடவே எழும்பி வரும். ஓர் அட்டையில் எட்டுத் துளை போட்டு, எடுத்த வரிசையிலேயே குத்தி வையுங்கள். எந்த ராட் எந்த டேப்பெட்டில் தேய்ந்ததோ அதே இடத்துக்குத்தான் திரும்பப் போக வேண்டும்.

பிறகு அளவு. உங்கள் இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) பி-சீரிஸ், 1489 சி.சி. இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியதும் இதே குடும்பம்தான். பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. போர் கம்பெனி அளவில் 73 மில்லிமீட்டர் சொச்சம். டயல் கேஜ் என்ற அளவுக் கருவியை விட்டுப் பாருங்கள். துரு மேலோட்டமாக இருந்தால் ஹோனிங் (உள்சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) போதும். பள்ளம் விழுந்திருந்தால் ரீபோர் செய்து, அதாவது துளையைக் கடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன். அதற்கும் இடமில்லை என்றால் உள்ளே புதுக் குழாய் போல இறக்கும் ஸ்லீவ். மூன்றுமே நம்மூர் லேத்துக்குத் தெரிந்த வேலைதான். பிஸ்டன் கையில் வந்த பிறகே போரைக் கடையக் கொடுங்கள், முன்னால் கொடுக்காதீர்கள். சாமான் நாகர்கோவிலில் அகப்படாவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் தேடுங்கள்.

வேறு இன்ஜின் ஏற்றுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் அப்படி மாற்றுவது சட்டப்படி தவறு. அதோடு, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய கார்களுக்கு 2021-ல் தனி விண்டேஜ் பதிவு வந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்று இருக்கும். வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும், இன்ஜினை மாற்றியமைத்தால் தகுதி போய்விடும். ஆனால் வி.ஏ. வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு இப்படிச் சில காரணங்களுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். தினமும் ஓட்டுவதாக இருந்தால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள். என் பழைய கேரள (கே.எல்.டி.) நம்பர் அம்பாசடருக்கு நான் அப்படித்தான் செய்கிறேன். அது ஓடத்தான் வேண்டும் எனக்கு.

கேள்வி: எங்கள் பிரீமியர் பத்மினி காலையில் நன்றாக ஓடுகிறது. மதியம் களியக்காவிளை நெரிசலில் நின்று நின்று போனால் ஆஃப் ஆகிவிடுகிறது. ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆகிறது. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: மாற்றும் முன்னால் ஒரே ஒரு சோதனை. ஆஃப் ஆன அந்த நிமிடமே, ஆற விடாமல், ஒரு பிளக்கைக் கழற்றி வயரோடு இன்ஜின் மேல் வைத்து ஹேண்டில் போடச் சொல்லுங்கள். பொறி மஞ்சளாகவோ மெலிதாகவோ வந்தால், பொறி உண்டாக்கும் மின்பாகங்களான கண்டென்சர் அல்லது காயில்தான் காரணம். சூட்டில் படுத்து, ஆறினால் எழும்புவது இரண்டுக்கும் வழக்கம். கண்டென்சர் மலிவு, அதை முதலில் மாற்றுங்கள். பொறி நீலமாகப் பளிச்சென்று அடித்தால், பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகிறது என்று சந்தேகப்படுங்கள். பம்ப் மேல் ஈரத்துணி சுற்றியதும் ஸ்டார்ட் ஆனால் அது உறுதி. பைப்பை எக்ஸாஸ்ட் சூடு படாமல் தள்ளிக் கட்டுங்கள். ரப்பர் பைப்பையும் பம்புக்குள் இருக்கும் சவ்வான டயாஃப்ரத்தையும் கையோடு மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். கசிவது சூடான இன்ஜின் மேல் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மழைக்காலம் முழுவதும் வண்டியை ரப்பர் தோட்டத்து ஷெட்டில் நிறுத்தலாமா? (வாசகர், குலசேகரம்)

பதில்: நமக்கு ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. அவ்வளவு நாள் தாங்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது பேச்சிப்பாறை வரை ஓட்டிவிட்டு வாருங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறும விட்டு அணைப்பது இன்னும் கெடுதல். ஆயிலில் ஈரம் சேரும், அது காய இன்ஜின் நன்றாகச் சூடாக வேண்டும்.