ஓல்ட் டைமர் என்ற பெயரை நம்பி வாங்கலாமா?

ஒஹையோவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என்னோடு வேலை செய்யும் அமெரிக்கப் பெரியவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். பண்ணையில் வளர்ந்தவர். பத்து வயதில் அப்பா வாங்கித் தந்த 'ஓல்ட் டைமர்' பாக்கெட் கத்தி தொலைந்துபோனதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்று பிளேடு, பழுப்பு நிறப் பிடியாம். அதேபோல அமெரிக்காவிலேயே செய்த கத்தி ஒன்றைப் பரிசாகக் கொடுக்க நினைக்கிறேன். 75 டாலர் வரை செலவு செய்யலாம். இணையத்தில் ஓல்ட் டைமர் அதைவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கிறதே, அதையே வாங்கிவிடலாமா?"

அவசரப்பட வேண்டாம். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் சீனாவில் செய்ததாகத்தான் இருக்கும். கத்தி மோசம் என்று சொல்லவில்லை, அந்த விலைக்கு நன்றாகவே வெட்டும். ஆனால் உங்கள் நண்பர் வாங்கியதும் பிளேடைத் திறந்து அடிப்பகுதியில் என்ன பொறித்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். இந்தக் கத்திகளோடு வளர்ந்தவர்களுக்கு அது ஊறிப்போன பழக்கம்.

ஓல்ட் டைமர் என்பது நியூயார்க் மாநிலத்தின் எல்லன்வில் என்ற சிற்றூரில் இருந்த ஷ்ரேட் தொழிற்சாலையின் கத்தி வரிசை. கார்பன் ஸ்டீல் பிளேடு, ரம்பப் பல் பட்டதுபோல் வரி விழுந்த பழுப்பு பிளாஸ்டிக் பிடி, பித்தளை உள்தகடு. தீவனக் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் தொங்கிய, கூலிக்காரரும் வாங்கக்கூடிய பொருள். அந்தத் தொழிற்சாலை 2004 ஜூலையில் மூடப்பட்டது. கட்டடமும் ஆட்களும் போனார்கள், பெயர் மட்டும் வேறு கம்பெனிக்கு விலைபோனது. பெயரை வாங்கியவர்கள் சீனாவில் செய்வித்து அதே பழுப்புப் பிடியோடு விற்கத் தொடங்கினார்கள். கமிலஸ் கதையும் ஏறக்குறைய இதேதான். அமெரிக்கப் படைக்குக் கத்தி செய்து கொடுத்த அந்த ஆலை 2007இல் மூடியது, பெயர் வேறு கைக்குப் போனது. பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் இருந்த குவீன் ஆலையும் 2018இல் கதவைச் சாத்திவிட்டது.

இந்தக் கத்திகள் மேல் இருக்கும் ஏக்கத்தில் பாதி, அந்த ஊர்களின் மேலான ஏக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மீதிப் பாதி அப்பா, தாத்தா. பையனுக்கு ஒரு கத்தியைக் கொடுப்பது என்றால், 'இனி உன்னை நம்பலாம்' என்று வீட்டுப் பெரியவர் சொல்வது. ஆகவே உங்கள் விஷயத்தில் நான் முதலில் சொல்வது புதுக் கத்தி அல்ல. எல்லன்வில்லில் செய்த பழைய ஓல்ட் டைமரையே தேடுங்கள். லட்சக்கணக்கில் செய்தார்கள், அதனால் இன்னும் மலிவாகவே கிடைக்கிறது. சுமாரான நிலையில் இருப்பது உங்கள் 75 டாலருக்குள் தாராளமாக அடங்கும்.

மூன்று பிளேடு என்றால் அது 'ஸ்டாக்மேன்' வகை. மாட்டுப் பண்ணைக்கென்றே வந்த வடிவம். கூர்முனை கொண்ட நீள பிளேடு பொதுவேலைக்கு. நேர்விளிம்பு உள்ள 'ஷீப்ஸ்ஃபுட்' பலகையில் வைத்து அறுக்க வசதி. முனை மழுங்கிய 'ஸ்பே' பிளேடு கன்றுகளுக்குக் காயடிக்க, குத்திவிடக் கூடாது என்பதற்காகவே அந்த மழுங்கல். ஓல்ட் டைமரில் இது இரண்டு அளவில் அதிகம் தென்படும்: 8 ஓடி (OT, ஓல்ட் டைமர் என்பதன் சுருக்கம்) பெரியது, 34 ஓடி நடுத்தரம். பத்து வயதுப் பையனுக்கு வாங்கியது என்றால் நான் 34 மேல்தான் பந்தயம் கட்டுவேன். ஆனாலும் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

பொறிப்பையும் பாருங்கள். 1970களின் தொடக்கம் வரை வந்தவற்றில் 'ஷ்ரேட் வால்டன்' என்று இருக்கும். அதற்குப் பிறகு வந்தவற்றில் 'ஷ்ரேட்', கூடவே 'யு.எஸ்.ஏ.', எண். இப்போது அறுபத்தைந்தை ஒட்டிய வயது என்றால் அவர் பத்து வயதில் கையில் பிடித்தது அநேகமாக வால்டன் பொறிப்புதான். அது கிடைத்தால் விடாதீர்கள். 'யு.எஸ்.ஏ.' என்ற எழுத்தே இல்லாவிட்டால் விற்பவர் என்ன சொன்னாலும் நகர்ந்துவிடுங்கள்.

பழையதை இணையத்தில் வாங்கும்போது மூன்று பிளேடையும் திறந்து வைத்த படம், மூடி வைத்த படம், பொறிப்பின் கிட்டத்துப் படம், இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பெரிய பிளேடு மெலிந்து, முனை உள்ளே இழுத்துக்கொண்டு போயிருந்தால் பல வருடம் சாணை பிடித்துத் தேய்ந்த கத்தி. கருமை, நீலம் கலந்த கறை பிரச்சினையே இல்லை, கார்பன் ஸ்டீல் அப்படித்தான் ஆகும். அதைப் பளபளவென்று மெருகேற்றி விற்பவரிடம்தான் எனக்குச் சந்தேகம் வரும். குழி விழுந்த துரு வேறு, அது போகாது. மூடிய நிலையில் பிளேடு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம், பையில் கையை விடும்போது கிழித்துவிடும். திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்று சத்தம் வருகிறதா என்று விற்பவரைக் கேளுங்கள். பூட்டு இல்லாத இந்த வகையில் பிளேடை நிறுத்திவைப்பது முதுகு ஸ்பிரிங் மட்டும்தான்.

செல்லுலாய்டு என்ற பழங்காலத்து பிளாஸ்டிக்கில் பிடி போட்ட கத்திகளை அனுபவம் இல்லாமல் தொடாதீர்கள். அது நாளாக ஆக சிதைந்து வாயு விட்டு, பக்கத்தில் உள்ள உலோகத்தையே அரித்துவிடும். ஓல்ட் டைமரின் பிளாஸ்டிக்குக்கு அந்த நோய் கிடையாது.

சரி, பழசு வேண்டாம், பெட்டி பிரிக்காத புதுசுதான் வேண்டும் என்றால் இரண்டே பெயர்கள். ஒன்று, ஐடஹோ மாநிலம் போஸ்ட் ஃபால்ஸில் இருக்கும் பக். 303 எண் ஸ்டாக்மேன் மூடிய நிலையில் மூன்றேகால் அங்குலம், 34 ஓடிக்கு மிக நெருங்கிய அளவு. 301 அதன் அண்ணன். துருவை நன்றாகத் தாங்கும் ஸ்டீல், பராமரிப்பு அதிகம் தேவையில்லை. ஒரு வேடிக்கை: இந்த 300 வரிசையைத் தொடக்கத்தில் பக்குக்காகச் செய்து கொடுத்தவர்களே ஷ்ரேட், கமிலஸ் ஆலைக்காரர்கள்தான். எச்சரிக்கை: பக் பெயரிலேயே 371, 373 போன்ற மலிவு எண்கள் சீனாவில் செய்யப்பட்டு வந்தவை. எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இருக்கும் கேஸ். 1993 முதல் அதே ஊர் லைட்டர் கம்பெனியான ஸிப்போவுக்குச் சொந்தம். இதில் மஞ்சள் பிடி போட்ட, 'சி.வி.' என்று குறித்த கார்பன் ஸ்டீல் பிளேடு உள்ளதைக் கேளுங்கள். பண்ணைக்காரர்களுக்கு அந்த மஞ்சள் தனியாகப் பிடிக்கும், புல்லில் விழுந்தாலும் கண்ணில் படும். 3318 என்ற எண்ணில் 3 மஞ்சள் பிடியையும், அடுத்த 3 பிளேடு எண்ணிக்கையையும், 18 வடிவத்தையும் குறிக்கும். எலும்புப் பிடி என்றால் முதல் எண் 6, விலை கூடும். மான்கொம்பு என்றால் 5, விலை எகிறிவிடும். இதில் நம் நாட்டுக் கடமானுக்கும் பங்கு உண்டு: பிடிக்குப் பேர்போன கொம்பு இந்தியாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது, ஏற்றுமதிக்குத் தடை வந்தபின் அரிதாகிவிட்டது.

டைட்டஸ்வில்லில் கிரேட் ஈஸ்டர்ன் என்று 2006இல் தொடங்கிய ஆலை ஒன்று இருக்கிறது. அசல் பழைய பாணி, அருமையான வேலைப்பாடு. ஆனால் விலை பெரும்பாலும் 100 டாலரைத் தாண்டும், உங்கள் கணக்குக்கு ஒத்துவராது.

கார்பன் ஸ்டீல் எதை வாங்கினாலும் கொடுக்கும் முன் மூட்டுகளில் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டுத் துடைத்துவிடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும்.

அப்புறம், கொடுக்கும் இடம். பல அமெரிக்க அலுவலகங்களில் கத்தி கொண்டுவரவே தடை இருக்கும். பிரிவுபசார விழாவில் எல்லோர் முன்னும் பிரிக்க வைக்காமல், ஹோட்டலிலோ அவர் வீட்டிலோ கொடுங்கள். விமானத்தில் எடுத்துப்போவதாக இருந்தால் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில்தான். பெட்டிக்குள் ஒரு பென்னியை ஒட்டி வையுங்கள். கத்தியைச் சும்மா கொடுத்தால் நட்பு அறுந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கேயும் உண்டு. அந்தக் காசை எடுத்து அவர் உங்களிடமே திருப்பிக் கொடுப்பார், விலை கொடுத்து வாங்கியதாகக் கணக்கு.