பழைய நாஸ் பெட்டியும் புதிய கணினியும்: கேள்வி பதில்

வீட்டு வலையமைப்பில் பத்து, பதினைந்து ஆண்டுகளாக உழைத்துக்கொண்டிருக்கும், நாஸ் எனப்படும் சேமிப்புப் பெட்டிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 2009இல் வாங்கிய நாஸ் பெட்டியைப் பழைய கணினி இன்னும் திறக்கிறது. புதிய விண்டோஸ் 11 மடிக்கணினியில் திறக்க முடியவில்லை. பெட்டி பழுதாகிவிட்டதா?

பதில்: பழுதாகவில்லை ஐயா. கோப்புகளைப் பகிர அந்தப் பெட்டிக்குத் தெரிந்த நெறிமுறை பெரும்பாலும் எஸ்எம்பி1 மட்டுமாகவே இருக்கும். புதிய கணினியில் அது இயல்பாக இருப்பதில்லை. 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை என்ற தீநிரல், விண்டோஸின் எஸ்எம்பி1 பகுதியிலிருந்த ஓட்டை வழியாகத்தான் கணினி விட்டுக் கணினி பரவியது என்பதை நினைத்தால், இந்த விலக்கலில் நியாயம் இருப்பது புரியும்.

முதலில் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பூட்டுக் குறியுள்ள முகவரியில் அது திறக்காவிட்டால், டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு நெறிமுறையின் பழைய பதிப்புகளை உலாவிகள் 2020 முதல் கைவிட்டதே காரணமாக இருக்கலாம். வீட்டுக்குள் சாதாரண எச்டிடிபி முகவரியிலேயே திறக்கலாம். இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது லினக்ஸும், அதில் கோப்புப் பகிர்வைக் கவனிக்கும் சாம்பா என்ற மென்பொருளும்தான். 2011இல் வந்த சாம்பா 3.6 முதல், எஸ்எம்பியின் அடுத்த பதிப்பான எஸ்எம்பி2 கிடைக்கிறது. ஆகவே அதற்குப் பிந்தைய ஃபார்ம்வேர், அதாவது பெட்டியை இயக்கும் உள்மென்பொருள், உங்கள் பெட்டிக்கு வந்திருந்தால், எஸ்எம்பி2 உள்ளே இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கக்கூடும். ஃபார்ம்வேரைப் புதுப்பிப்பதானால், உள்ளே இருப்பதைப் பழைய கணினி வழியாக வேறொரு வன்தட்டுக்கு நகலெடுத்த பிறகே தொடங்குங்கள்.

கேள்வி: விண்டோஸிலேயே எஸ்எம்பி1 வசதியை இயக்கினேன். சில வாரங்கள் வேலை செய்தது, பிறகு தானாக மறைந்துவிட்டது. ஏன்?

பதில்: மொத்தம் 15 நாட்கள் பயன்படாமல் இருந்தால் அது தன்னையே நீக்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது, கணினி அணைந்திருக்கும் நேரம் அந்தக் கணக்கில் சேராது. நீங்கள் அதை இயக்கிய விண்டோஸ் வசதிகள் பட்டியலில், எஸ்எம்பி1இன் கீழ் தானியங்கி நீக்கம், கிளையண்ட் (பிற பெட்டிகளைத் திறக்க), சர்வர் (இந்தக் கணினியின் கோப்புகளைப் பிறருக்குப் பகிர) என மூன்று உட்பிரிவுகள் உண்டு. கோப்புகளை வெளியே எடுக்கும் நாளில் கிளையண்ட்டை மட்டும் இயக்குங்கள், சர்வரைத் தொடாதீர்கள், வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். நிரந்தரத் தீர்வாக இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பழைய பெட்டிக்காகப் புதிய கணினியின் காவலைத் தளர்த்துவது தவறு என்றே கருதுகிறேன்.

கேள்வி: எங்கள் பெட்டியில் எஸ்எம்பி2 இருக்கிறது. ஆனாலும் விண்டோஸ் 11 புரோ 24எச்2 பதிப்புக்கு மாறியதும் இணைப்பு அறுந்துவிட்டது.

பதில்: கடவுச்சொல் இல்லாத விருந்தினர் கணக்கில்தானே இதுவரை நுழைந்துகொண்டிருந்தீர்கள்? அந்தப் பதிப்பு ஒவ்வொரு எஸ்எம்பி இணைப்பிலும் மின்கையொப்பத்தைக் கட்டாயமாக எதிர்பார்க்கிறது. விருந்தினர் கணக்கால் கையொப்பமிட இயலாது. பெட்டியில் ஒரு பயனரையும் நல்ல கடவுச்சொல்லையும் உருவாக்கி அதன் வழியே நுழையுங்கள்.

கேள்வி: நெட்வொர்க் பட்டியலில் பெட்டியின் பெயரே தெரிவதில்லை.

பதில்: பழைய பெயர்ப்பட்டியல் முறை எஸ்எம்பி1ஐச் சார்ந்திருந்தது. ரவுட்டரில் பெட்டிக்கு நிலையான ஐபி முகவரியை ஒதுக்கி, அந்த முகவரியை நேராகத் தட்டச்சிடுங்கள்.

கேள்வி: எங்கள் பெட்டிக்கு எஸ்எம்பி1 தவிர எதுவும் தெரியாது. தூக்கிப்போட மனமில்லை. வழி உண்டா?

பதில்: உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழியும் இதுதான். ராஸ்பெரி பை போன்ற ஒரு சிறு லினக்ஸ் கணினியை இடையில் வையுங்கள். அது பழைய பெட்டியின் கோப்புறையை, எஸ்எம்பி பதிப்பு 1.0 என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டுத் தன்னுள் இணைத்துக்கொண்டு, அதையே தன் சாம்பா வழியாக எஸ்எம்பி3இல் வீட்டுக்குப் பகிரும். யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் ஒன்றை ராஸ்பெரி பையில் செருகி, பழைய பெட்டியின் கேபிளை ரவுட்டரிலிருந்து கழற்றி நேராக அதிலேயே இணைத்து, இரு முனைகளுக்கும் தனி ஐபி வரிசையில் முகவரி கொடுத்துவிட்டால், வீட்டிலுள்ள வேறு எந்தக் கருவியும் அதை நேரடியாக எட்ட முடியாது. வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்தக் காலத்துப் பெட்டிகளின் செயலியே மெதுவானதுதான்.

கேள்வி: வெளியூரில் இருக்கும்போது படங்களைப் பார்க்க, ரவுட்டரில் போர்ட் திறந்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. 2021 ஜூனில் டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) நிறுவனத்தின் மை புக் லைவ் என்ற நாஸ் பெட்டிகள் இணையம் வழியே தாக்கப்பட்டு, பலருடைய கோப்புகள் ஒரே இரவில் அழிந்துபோயின. அந்தப் பெட்டிகளுக்குக் கடைசி ஃபார்ம்வேர் வந்தது 2015இல். கருவிகள் தாமாகவே ரவுட்டரில் போர்ட் திறந்துகொள்ள இடம் தரும் யுபிஎன்பி வசதியையும் அணைத்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தே ஆகவேண்டும் என்றால், இற்றைப்படுத்தப்பட்ட ரவுட்டரிலோ மேற்சொன்ன ராஸ்பெரி பையிலோ விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பை அமைத்து நுழையுங்கள்.

கேள்வி: பெட்டி உயிர்பெறவில்லை. வன்தட்டைக் கழற்றிக் கணினியில் இணைத்தால் ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கிறது. மறைந்த என் அப்பாவின் குரல்பதிவுகள் அதில்தான் இருக்கின்றன.

பதில்: அம்மா, தயவுசெய்து அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். லினக்ஸ் கோப்பு முறையைப் படிக்கத் தெரியாததால்தான் விண்டோஸ் அப்படிக் கேட்கிறது. அந்தக் கேள்வி மட்டும் வந்ததால் பதிவுகள் போய்விட்டன என்று ஆகாது. வன்தட்டை எடுத்து வைத்துவிட்டு, முதலில் பெட்டியின் மின் அடாப்டரைச் சோதியுங்கள். அதே வோல்ட், அதே முனைப் பொருத்தம், குறையாத ஆம்பியர் கொண்ட வேறொன்றை இணைத்தாலே உயிர்பெறும் பெட்டிகள் பல.

அப்படியும் எழவில்லையென்றால், வன்தட்டை லினக்ஸ் கணினியில் படிக்க மட்டும் என்ற நிலையில் இணைக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் நேரலாம். வன்தட்டில் தரவு தொகுதி தொகுதியாக எழுதப்படுகிறது; வழக்கமான லினக்ஸ் கணினி 4 கிலோபைட் தொகுதிகளோடு பழகியது. ஆனால் மை புக் லைவ் 64 கிலோபைட், ஸ்பார்க் வகைச் செயலி கொண்ட பழைய ரெடிநாஸ் 16 கிலோபைட் என்று பெரிய தொகுதிகளில் எழுதியிருக்கும். சாதாரண முறையில் இணைக்கும்போது பிழைச்செய்தி வந்தால் கலங்காமல், ஃபியூஸ்-எக்ஸ்ட்2 என்ற இலவச மென்பொருளைப் படிக்க மட்டும் நிலையில் பயன்படுத்திப் பாருங்கள். தொகுதியின் அளவு அதற்குத் தடையல்ல. இரண்டு வன்தட்டுள்ள பெட்டியாக இருந்தால், எது எந்த இடத்தில் இருந்தது என்பதைக் கழற்றும் முன்பே தட்டின் மேல் எழுதிவையுங்கள். வன்தட்டிலிருந்து டிக் டிக் என்ற ஓசை கேட்டால் மட்டும், மேற்கொண்டு எதையும் முயலாமல் மின்சாரத்தை நிறுத்தி, தரவு மீட்பில் அனுபவமுள்ளவரிடம் ஒப்படையுங்கள்.