பக்கத்து வீட்டுக் கொடி

கேள்வி: அமெரிக்காவில், தெற்கு கரோலினாவில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் தங்கமான மனிதர். போன புயலில் எங்கள் வாசலில் விழுந்த மரத்தை அவர்தான் அறுத்து அகற்றினார். இப்போது வீட்டு முகப்பில் கான்ஃபெடரேட் கொடி (அமெரிக்க உள்நாட்டுப் போரில், நாட்டிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் படைக் கொடி) கட்டியிருக்கிறார். கேட்டால், "எங்கள் முப்பாட்டன் சண்டை போட்ட கொடி, யார் மேலும் வெறுப்பு இல்லை" என்கிறார். ஆனால் அதன் பிறகு என் மகனின் கறுப்பினத் தோழனை அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு அனுப்புவதில்லை. யார் பக்கம் நியாயம்?
- பெயர் வேண்டாம்

பதில்: பெரியவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை, சகோதரி. தெற்கின் படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஓர் அடிமைகூட வைத்திராத சாதாரண விவசாயிகள். ஆனால் எதற்காகச் சண்டை என்று முப்பாட்டனைக் கேட்டு யாரும் முடிவெடுக்கவில்லை. முடிவெடுத்தவர்கள் காரணத்தை எழுதியே வைத்திருக்கிறார்கள். 1860 டிசம்பரில் முதலில் பிரிந்தது உங்கள் மாநிலம்தான். அதன் பிரிவினை அறிக்கையில் பெரிய புகாரே, தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தருவதில்லை என்பது. (மாநில உரிமைக்காக நடந்த போர் என்பார்கள். வட மாநிலங்கள் தங்கள் உரிமைப்படி நடந்ததுதான் இவர்களுக்குப் பொறுக்கவில்லை!) அடுத்த மார்ச்சில், பிரிந்த மாநிலங்கள் அமைத்த கான்ஃபெடரேட் அரசின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று மேடையிலேயே சொன்னார்.

சரி, அதெல்லாம் பழைய கதை என்றே வைத்துக்கொள்வோம். இந்தக் கொடி மறுபடி எப்போது வெளியே வந்தது என்று பாருங்கள். 1948ல், கறுப்பருக்குச் சம உரிமை கூடாது என்று தனிக்கட்சி கண்ட டிக்சிகிராட்டுகளின் கூட்டங்களில். 1962ல், போரின் நூற்றாண்டு என்று சொல்லி, கொலம்பியாவில் உள்ள சட்டமன்றக் கட்டடத்தின் உச்சியில் அதைப் பறக்கவிட உங்கள் மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. வெள்ளையருக்கு மட்டுமான உணவகங்களில் கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்த காலம் அது. 2015ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஜெபத்துக்கு வந்திருந்த 9 பேரைச் சுட்டுக் கொன்றவன், இதே கொடியோடு படம் எடுத்து வைத்திருந்தான். அதற்குப் பிறகுதான் சட்டமன்ற வளாகத்திலிருந்து கொடியை இறக்கினார்கள்.

பெரியவர் மனதில் இருக்கும் முப்பாட்டன் தெருவில் போகிறவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். கொடிதான் தெரியும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற ஒரு கறுப்பினத் தாய், அது அன்புக்காகக் கட்டிய கொடியா வேறு எதற்காகவோ என்று கதவைத் தட்டிக் கேட்டுவிட்டா போக முடியும்? நியாயம் அந்த அம்மா பக்கம்தான்.

அவர் வீட்டில் அவர் கொடி கட்டச் சட்டம் இடம் தருகிறது. அதனால் புகார், மனு என்று கிளம்பாதீர்கள். முதலில் அந்த அம்மாவுக்குப் போன் செய்து, "ஏன் அனுப்பவில்லை என்று எனக்குப் புரிகிறது" என்று சொல்லுங்கள். அப்புறம் பெரியவரிடம் போங்கள். சரித்திரம் பேச வேண்டாம்; போர் நடந்த தேதிகள் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். இந்தப் பையன் வருவதில்லை, காரணம் இது என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் பேசுவதைக் கேளுங்கள். அவர் கொடியை இறக்காமலும் போகலாம். அப்படியானால் விளையாட உங்கள் மகன் அவர்கள் வீட்டுக்குப் போகட்டும்.