துப்பாக்கி பிடித்தால் போதுமா? – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

சில மாதங்களாக ஸ்பானிய நாவல்களை ஆங்கிலம் வழியாக வாசித்துவருகிறேன். எதைத் திறந்தாலும் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வருகிறாள். குடிக்கிறாள், ஆண்களை அதட்டுகிறாள். வலிமையான பெண் பாத்திரம் என்று பின்னட்டையில் போட்டிருக்கிறது. எனக்கென்னவோ ஆணுக்குப் பெண் வேஷம் கட்டிவிட்டது போலத்தான் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

உங்கள் சந்தேகம் நியாயமானது. பல நாவல்களுக்குப் பொருந்தவும் செய்யும். ஆனால் ஸ்பானிய எழுத்தாளர் அலிசியா ஹிமெனெஸ் பார்லெட் படைத்த இன்ஸ்பெக்டர் பெத்ரா தெலிகாதோவை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. பெயரிலேயே கல்லும் மென்மையும் சேர்ந்திருக்கின்றன. 1996இல் வந்த, பெத்ரா வரும் முதல் நாவலில், பார்சலோனா போலீஸில் ஆவணப் பிரிவில் கிடந்தவளிடம் ஒரு பாலியல் வன்முறை வழக்கு வருகிறது. சந்தேகத்தின்பேரில் பிடித்த ஒருவனை, விசாரணையின்போது உடைகளைக் களையச் சொல்கிறாள். காலங்காலமாகப் பெண்களைக் கூனிக்குறுக வைத்த அதே வழி. படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. அதிகாரம் கைக்கு வந்தால் நாமும் இப்படித்தான் நடந்துகொள்வோமா என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். வெறும் வேஷமென்றால் அந்தக் கூச்சம் வந்திருக்காது.

அப்புறம், அவள் இரண்டு முறை விவாகரத்தானவள். நாம் சட்டென்று கடந்துபோகிற தகவல் இது. சர்வாதிகாரி பிராங்கோ ஒழித்த விவாகரத்து ஸ்பெயினில் மறுபடி சட்டமானது 1981இல்தான். 1975 வரை மனைவி வேலைக்குப் போகவோ வங்கிக் கணக்கு தொடங்கவோ கணவனின் அனுமதி வேண்டும். அப்படி வாழ்ந்த அம்மாக்களின் மகள்கள் பெத்ராவை வாசித்தபோது என்ன உணர்ந்திருப்பார்கள்!

ஆனாலும் வலிமை என்றதும் என் மனதில் முதலில் வருபவள் ஓர்தென்சியா. துல்சே சாக்கோன் 2002இல் எழுதிய 'உறங்கும் குரல்' நாவலில் வருபவள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவின் படையை எதிர்த்து அவளும் துப்பாக்கி பிடித்தவள்தான். ஆனால் கதை தொடங்கும்போது அவள் மாத்ரித்தின் வென்தாஸ் பெண்கள் சிறையில் இருக்கிறாள், வயிற்றுப்பிள்ளையோடு. பிரசவம் ஆனதும் சுட்டுவிடுவார்கள். அவள் சாகப்போகிறாள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார் சாக்கோன். அவளிடம் மிஞ்சியிருப்பது ஒரு நீல நோட்டு. சிறைக்குள் உட்கார்ந்து அதில் எழுதிக்கொண்டே இருக்கிறாள்.

இதுவும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வாசித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா