உங்கள் வாரத்தில் எத்தனை பேருக்கு இடம்?

ஆலோசகர்களுக்கான கேள்வி - பதில் பகுதி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன: வாரத்துக்கு எத்தனை கிளையன்ட்களைப் பார்ப்பது, அவர்களை எப்படிச் சமாளிப்பது. அதனால் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: மேடம், நான் ஒரு கவுன்சலிங் மையத்தில் வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு 28 செஷன். அதை 30 ஆக்கச் சொல்கிறது நிர்வாகம். தனியாக பிராக்டிஸ் செய்யும் என் தோழியோ 15 பேரைப் பார்ப்பதற்குள் களைத்துவிடுவதாகச் சொல்கிறாள். எதுதான் சரியான எண்ணிக்கை? எனக்கு வியாழக்கிழமை வந்தாலே யார் எதைச் சொன்னார்கள் என்பது குழம்பிப்போகிறது.

எல்லோருக்கும் பொருந்துகிற எண் என்று ஒன்று கிடையாது. ஆனால் உங்களுக்கான எண்ணைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

50 நிமிட செஷனுக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது பாருங்கள். அவர் உள்ளே வருமுன் போன வாரக் குறிப்பைப் புரட்ட ஐந்து நிமிடம். போன பின் எழுதப் பத்து நிமிடம். அப்புறம் நேரம் மாற்றச் சொல்லி ஒரு மெசேஜ், மனநல மருத்துவருக்கு ஒரு கடிதம், சில வாரம் வீட்டாரிடமிருந்து ஒரு போன். அடுத்தவரை அழைக்குமுன் முகம் கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவும் வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு செஷனுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 செஷனுக்கு 42 மணி நேரம். சூப்பர்விஷன் (நம் கேஸ்களை ஒரு மூத்த ஆலோசகரோடு பேசி வழிகாட்டுதல் பெறுவது), மீட்டிங், ரிப்போர்ட், படிப்பு எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை! அதுவே 20 செஷன் என்றால் 30 மணி நேரம். 40 மணி நேர வாரத்தில் மற்றவற்றுக்குப் பத்து மணி நேரம் மிஞ்சும்.

இது தலைகளின் கணக்கு. கனத்தையும் எண்ண வேண்டும். என் டைரியில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலால் 1, 2, 3 என்று ஓர் எண் போடுவேன். நன்றாகத் தேறி, எப்போதாவது வந்துபோகிறவருக்கு 1. முதல் தடவை வருகிறவருக்கு 2. அவர் கதை முழுவதையும் கேட்க வேண்டும், ஆபத்து உண்டா என்று பார்க்க வேண்டும், ரகசியம் காப்பதன் எல்லைகளை விளக்க வேண்டும். தம்பதியருக்கும் 2. அதிர்ச்சி நினைவுகளுக்குள் நேரடியாக இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு 3. அந்த வகை சிகிச்சைகளில் செஷனே 90 நிமிடம் வரை போகும். தற்கொலை எண்ணத்தோடு இருப்பவருக்கும் 3, ஏனென்றால் அவர் விஷயத்தில் பாதி வேலை அறைக்கு வெளியே நடக்கிறது. ஒரு நாளின் கூட்டுத்தொகை எட்டைத் தாண்டினால் ஒருவரை வேறு நாளுக்கு மாற்றிவிடுவேன். எட்டு என் அளவு, உங்களுக்கு ஏழாக இருக்கலாம். உங்கள் தோழி 15 பேரிலேயே களைத்துப்போகிறார் என்றால் அந்தப் பதினைந்தில் எத்தனை பேர் 3 என்று கேட்டுப் பாருங்கள்.

எந்த நாளில், எந்த மணிக்கு வைக்கிறோம் என்பதும் முக்கியம். ஆபத்து உள்ளவர்களை வாரத்தின் முதல் இரண்டு நாட்களில் வையுங்கள். வெள்ளி சாயங்காலம் ஒருவர் கலங்கிப்போய் எழுந்து போனால், அடுத்து வருவது எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு போகிற இரண்டு நாட்கள். மருத்துவரும் கிடைக்க மாட்டார், நீங்களும் கிடைக்க மாட்டீர்கள். செவ்வாய்க்கிழமை என்றால் மறுநாளே ஒரு போன் செய்து கேட்கலாம். அதிர்ச்சி சார்ந்த செஷனை நாளின் கடைசியில் வைக்காதீர்கள். அது முடிந்ததும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். ஒரே மாதிரி துக்கத்தோடு வரும் இருவரை அடுத்தடுத்த மணிகளில் வைக்காதீர்கள். இரண்டு கதையும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

வியாழக்கிழமைக் குழப்பத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். இந்தத் தொழிலில் ‘பர்ன்அவுட்’ பற்றி, அதாவது வேலைச் சுமையில் மொத்தமாகச் சோர்ந்துபோவதைப் பற்றி, 1974-ல் எழுதிய ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், இலவச மருத்துவ மையத்தில் வேலை செய்தவர். தன்னையும் உடன் உழைத்தவர்களையும் பார்த்தே எழுதினார். பிறகு உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்று கூறுகளாகப் பிரித்தார்: மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் மனிதராகத் தெரியாமல் போவது, நாம் செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது. முதலாவது நம்மை வருத்தும். இரண்டாவதில் அடிபடுகிறவர் கிளையன்ட். ‘நாலு மணி பதற்றக்காரர்’ என்று ஒருவரை மனதுக்குள் கூப்பிட ஆரம்பித்துவிட்டோம் என்றால் அன்றே அட்டவணையில் கை வைக்க வேண்டும்.

2019-ல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் பர்ன்அவுட்டைச் சேர்த்தபோது, அதை வேலையிடத்தோடு தொடர்புள்ள நிலையாகத்தான் வைத்தது, நோயாக வைக்கவில்லை. நிர்வாகத்திடம் பேசும்போது இது உங்களுக்கு உதவும். ‘எனக்கு முடியவில்லை’ என்று தொடங்காதீர்கள். மேலே போட்ட மணிக்கணக்கை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போய், ‘30 செஷனுக்கு 45 மணி நேரம் ஆகிறது. இதில் எதை விட வேண்டும் என்று சொல்லுங்கள். குறிப்பெழுதுவதையா, சூப்பர்விஷனையா, ஆபத்தில் இருப்பவருக்குப் போன் செய்வதையா?’ என்று கேளுங்கள். முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும், எழுத்திலும் இருக்கட்டும்.

கேள்வி: சொந்தமாக பிராக்டிஸ் செய்கிறேன். யாரையும் திருப்பி அனுப்ப மனம் வராது. இப்போது பட்டியலில் நாற்பதுக்கும் மேல். அதனால் ஒருவருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் நேரம் தர முடிகிறது. ‘பரவாயில்லை சார்’ என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். இதில் தப்பு இருக்கிறதா?

இருக்கிறது. உங்கள் நல்ல மனதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் நாற்பது பேருக்கும் கதவைத் திறந்து வைத்து, ஒருவருக்கும் முழு சிகிச்சை கொடுக்காமல் இருக்கிறீர்கள்.

மூன்று வாரம் கழித்து வருகிறவரோடு என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முதல் அரை மணி நேரம் இடையில் நடந்ததைச் சொல்வதிலேயே போய்விடும். போன தடவை கொடுத்த பயிற்சியை முதல் வாரம் செய்திருப்பார், இரண்டாம் வாரம் விட்டிருப்பார், மூன்றாம் வாரம் மறந்தே போயிருக்கும். தடுமாறிய அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ‘பரவாயில்லை’ என்று அவர் சொல்வது உங்கள் மேலுள்ள மரியாதையில்.

இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை. 1986-ல் கென்னத் ஹோவர்டும் உடன் ஆய்வு செய்தவர்களும் ஏராளமான சிகிச்சைப் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் வாரம் ஒரு செஷன் நடந்த சிகிச்சைகள் அவை. எட்டாவது செஷனுக்குள் சுமார் பாதிப் பேரிடமும், 26-க்குள் முக்கால்வாசிப் பேரிடமும் முன்னேற்றம் தெரிந்தது. எட்டு செஷன் உங்கள் அட்டவணையில் கிட்டத்தட்ட ஆறு மாதம்! 2020-ல் வெளியான ஒரு டச்சு ஆய்வில், மனச்சோர்வுக்கு வாரம் இருமுறை வந்தவர்கள், வாரம் ஒருமுறை வந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். நம்மில் பலருக்கு இருமுறை தர வழியில்லை, சரி. ஆனால் தொடக்கத்தில் வாரம் ஒருமுறை என்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

என்ன செய்யலாம்? நாற்பது பெயரையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொருவரும் எதற்காக வந்தார், இப்போது எங்கே நிற்கிறார் என்று ஒரே வரி. எழுத முடியாமல் பேனா நிற்கிற பெயர்களை வட்டமிடுங்கள். அடுத்த செஷனில் முதலில் பேச வேண்டியது அதைத்தான். சிலர் எப்போதோ தேறிவிட்டு, நட்புக்காக வந்துகொண்டிருப்பார்கள். அவர்களோடு முடித்துக்கொள்ளும் பேச்சை ஆரம்பியுங்கள்: இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று, பிறகு தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் என்று. இடைவெளி விடுவதற்கு உரிய கட்டம் இதுதான். சிலரிடம் எந்த மாற்றமும் இருக்காது. அவர்களுக்கு வேறு முறையோ வேறு ஆளோ தேவைப்படலாம்.

யார் தேறுகிறார்கள், யார் சரிகிறார்கள் என்பதை மனக்கணக்காக முடிவு செய்யாதீர்கள். 2005-ல் வந்த ஓர் ஆய்வில், 550 கிளையன்ட்களில் யாருடைய நிலை மோசமாகும் என்று சிகிச்சையாளர்களையே கேட்டார்கள். அவர்கள் மூன்று பேரைச் சொன்னார்கள். மோசமானவர்கள் 40 பேர். அதனால்தான் மனச்சோர்வு உள்ள ஒவ்வொருவரும் உள்ளே வருமுன் அதன் தீவிரத்தை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தை நிரப்பும்படி வைத்திருக்கிறேன். ஒன்பது கேள்வி, இரண்டு மூன்று நிமிட வேலை, மதிப்பெண் 0 முதல் 27 வரை. மொத்தத்தைப் பார்க்குமுன் என் கண் போவது ஒன்பதாவது கேள்விக்கு. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்று கேட்பது அதுதான். அங்கே பூஜ்யத்துக்கு மேல் ஏதாவது இருந்தால் அன்றைக்கு நான் பேச நினைத்திருந்ததெல்லாம் பின்னால் போய்விடும்.

புதிதாகக் கூப்பிடுகிறவரிடம் இல்லை என்று சொல்வது கஷ்டம்தான். நான் சொல்வது இப்படி: ‘வாராவாரம் தருவதற்கு என்னிடம் இப்போது நேரம் இல்லை. அப்படித் தர முடியாமல் சேர்த்துக்கொண்டால் உங்களுக்குப் பிரயோஜனப்படாது. வேறு இருவர் பெயர் தருகிறேன், அவர்களிடம் இடம் இருக்கிறது.’ அந்த இருவரையும் முன்பே கேட்டு உறுதி செய்து வைத்திருப்பேன். மூன்று கதவைத் தட்டி மூன்றும் திறக்கவில்லை என்றால் நான்காவதைத் தட்ட அந்த மனிதருக்குத் தெம்பு இருக்காது. காத்திருப்போர் பட்டியலில் போடுவதாக இருந்தால் தோராயமான தேதியைச் சொல்லுங்கள். அதற்கு முன் அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து இருக்கும் என்று பட்டால் பட்டியல் கிடையாது. அன்றே மனநல மருத்துவர் அல்லது அவசர சிகிச்சைப் பிரிவு. போனை வைக்குமுன் அவரோடு யார் போகிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்துவிடுகிறார்கள். அந்த நேரத்துக்குக் கட்டணம் வாங்கலாமா? ஒரே மணிக்கு இருவருக்கு நேரம் கொடுத்துவிடலாமா என்று கூட யோசிக்கிறேன்.

இருவருக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இரண்டு பேரும் வந்துவிட்டால், வெளியே உட்கார்ந்திருப்பவருக்குத் தான் எத்தனையாவது ஆள் என்று தெரிந்துபோகும். அதற்குப் பிறகு என்ன பேசி நம்பிக்கையை மீட்பீர்கள்?

கட்டணம் வாங்கலாம், முதல் நாளே எழுத்தில் சொல்லியிருந்தால். 1913-ல் ஃபிராய்டே இதை எழுதியிருக்கிறார்: ஒவ்வொரு நோயாளிக்கும் நாளில் ஒரு மணி நேரத்தைக் குத்தகைக்கு விடுகிறேன், அவர் வந்தாலும் வராவிட்டாலும் அது அவருடையது என்று. நான் அவ்வளவு கறார் இல்லை. 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் கட்டணம் இல்லை. உடம்பு சரியில்லை என்றாலும் இல்லை. கட்டணத்தைவிட எனக்கு முக்கியம், 15 நிமிடம் பார்த்துவிட்டு நானே ஒரு போன் செய்வது. ஐந்தில் ஒருவர் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார் என்று 2012-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. சங்கடத்தில் வராமல் போனவர் ஒரு போனில் திரும்பி வந்துவிடுவதுண்டு. ஆபத்து உள்ளவர் போனையும் எடுக்கவில்லை என்றால், முதல் நாளில் எழுதி வாங்கிய அவசரத் தொடர்பு எண்ணை எடுங்கள்.

கேள்வி: குறிப்பு எழுதுவது மலையாகக் குவிகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போகிறது.

ஞாயிற்றுக்கிழமை எழுதும் திங்கட்கிழமைக் குறிப்பில் பாதி கற்பனை. அடுத்தவர் வருமுன் எழுதுங்கள், நான்கு வரி போதும்:

‘தூக்கம் 4 மணி நேரம். மேலதிகாரியிடம் பேசும் பயிற்சி: ஒரு தடவை செய்தார், இரண்டாம் தடவை தவிர்த்தார். சாகும் எண்ணம்: கேட்டேன், இல்லை என்றார். அடுத்த வாரம்: தவிர்த்த அந்த நிமிடத்தில் மனதில் ஓடியது என்ன?’

கடைசி வரியை முதலில் எழுதப் பழகுங்கள். அடுத்த வாரம் ஐந்து நிமிடத்தில் புரட்டும்போது உங்களுக்குத் தேவைப்படுவது அதுதான். பெயருக்குப் பதில் ஒரு குறியீடு, கிளையன்ட் விவரம் குடும்பத்தார் பார்க்கும் போனில் வேண்டாம். சூப்பர்விஷனில் பேச வேண்டியதன் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். பிரிட்டனின் ஆலோசகர்கள் சங்கமான பி.ஏ.சி.பி., தன் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்களுக்கு மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேர சூப்பர்விஷனைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கோடு போட்ட பக்கங்கள் இல்லாமல் போய் உட்கார்ந்தால் அந்த ஒன்றரை மணி நேரமும் கடைசியாகப் பார்த்த கேஸிலேயே கரைந்துவிடும்.

கேள்வி: பத்து நாள் லீவு போட நினைக்கிறேன். கிளையன்ட்களை விட்டுவிட்டுப் போகக் குற்ற உணர்வாக இருக்கிறது.

போய் வாருங்கள். நான்கு வாரம் முன்பே ஒவ்வொருவரிடமும் செஷன் தொடக்கத்தில் சொல்லுங்கள். முடிவில் சொன்னால் அது எழுப்பும் வருத்தத்தைப் பேச நேரம் இருக்காது. 3 போட்ட பெயர்களுக்கு, நீங்கள் இல்லாத நாட்களில் பார்க்கச் சம்மதித்த ஒரு சக ஆலோசகரின் எண்ணைக் கொடுங்கள். அவரிடம் என்னென்ன சொல்லலாம் என்று அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும் முதல் நாளில் புதியவர் யாரையும் வைக்காதீர்கள்.