மணிக்கட்டு எதற்காக அசைகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பியானோ பயிற்சி குறித்துத் தாங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். 38 வயதில் கற்கத் தொடங்கினேன். இது மூன்றாம் ஆண்டு. என் ஆசிரியர் முதல் வகுப்பிலேயே புறங்கையின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் ஸ்கேல் (சுரங்களை வரிசையாக ஏறி இறங்கும் பயிற்சி) வாசிக்கச் சொன்னார். கை அசையக் கூடாது, விரல் மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்பது அவர் விதி. ஆனால் மேடைக் கலைஞர்களின் காணொளிகளில் மணிக்கட்டு ஓயாமல் அசைவதைப் பார்க்கிறேன். நானும் அப்படி அசைத்துப் பார்த்தேன். சுரங்கள் தாறுமாறாக விழுந்தன. இடக்கையில் சி, ஜி, ஈ, ஜி என்று கார்டைப் (சேர்ந்து ஒலிக்கும் சுரத்தொகுதியைப்) பிரித்து வாசிக்கும் பகுதி வந்தால், 16 பார்கள் (தாளக் கட்டங்கள்) முடிவதற்குள் முழங்கைக்குக் கீழே இறுகிக் கடுக்கிறது. மணிக்கட்டின் அசைவு உண்மையிலேயே வாசிப்பை மேம்படுத்துமா, மேடைக்கான அழகு மட்டும்தானா? மேம்படுத்தும் என்றால், நாணயம் வைக்கும் ஆசிரியரிடம் இதை எப்படிச் சொல்வது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மேம்படுத்தும். ஆனால் நீங்கள் செய்து பார்த்தது மணிக்கட்டை அசைப்பது. அந்தக் கலைஞர்கள் செய்வது மணிக்கட்டை அசைய விடுவது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், காணொளியைப் பார்த்து இதைக் கற்றுக்கொள்ள முயலும் ஏறக்குறைய எல்லோருக்கும் உங்களுக்கு நேர்ந்ததே நேர்கிறது.

விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை. அவற்றுள் பெரும்பாலானவை முழங்கையை ஒட்டித் தொடங்கி முன்கையில் கிடக்கின்றன. அங்கிருந்து நீளும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து சென்று விரல் எலும்புகளைப் பற்றுகின்றன. வலக்கையால் இடது முன்கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இடக்கை விரல்களை மேசையின் மேல் வாசிப்பதுபோல் அசைத்துப் பாருங்கள். தோலுக்கடியில் நெளிவது எந்த இடமோ, 16 பார்களுக்குள் கடுப்பதும் அதே இடம்தான். அடுத்ததாக, கையை முழுவதும் தளர்த்தி மணிக்கட்டிலிருந்து கீழே தொங்க விடுங்கள். விரல்கள் தாமாகவே சற்று நீளும். மறுகையால் அதே கையைப் பின்னோக்கிச் சாய்த்துப் பாருங்கள். நீங்கள் எதுவும் செய்யாமலே விரல்கள் உள்ளே சுருளும். மணிக்கட்டின் கோணம் மாறும்போதெல்லாம் விரல்களை இழுக்கும் நாண்களின் இழுவிசையும் மாறுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம். மணிக்கட்டை நன்றாகக் கீழே மடக்கிக்கொண்டு முஷ்டியை இறுக்க முயன்றால் பிடி எவ்வளவு பலவீனமாகிவிடுகிறது என்பதையும் பாருங்கள். கோணலான மணிக்கட்டோடு வாசிப்பவர் ஒவ்வொரு சுரத்திலும் அந்தப் பலவீனத்தோடு போராடிக்கொண்டிருக்கிறார்.

இனி, ஐந்து விரல்களும் ஒரே நீளமல்ல. கட்டைவிரல் பக்கவாட்டில் குட்டையாக நிற்கிறது, நடுவிரல் முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறது, சுண்டுவிரல் பின்தங்குகிறது. இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான ஷோபான் தம் மாணவர்களின் கையை முதலில் ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி ஆகிய ஐந்து கட்டைகளின் மேல் வைத்ததற்குக் காரணம் இதுதான். நீண்ட விரல்கள் உயர்ந்த கருப்புக் கட்டைகளில் அமர்ந்தால், கை தன் இயல்பான வடிவத்திலேயே இருக்கும். வெள்ளைக் கட்டைகளில் அந்த வசதி கிடையாது. அங்கே கையை அசையாமல் நிறுத்திவிட்டால், எட்டாத கட்டையை எட்டும் பொறுப்பு முழுவதும் விரலின் தலையில் விழுகிறது. மணிக்கட்டு இளகியிருந்தாலோ, எந்த விரல் ஒலிக்க வேண்டுமோ அந்த விரலுக்கு நேர் பின்னால் முன்கையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. நீங்கள் காணொளியில் கண்ட அசைவின் பெரும்பகுதி இந்த இடமாற்றம்தான்.

மீதிப் பகுதி மூச்சு. ஷோபான் முடிக்காமல் விட்டுச்சென்ற பாடமுறைக் குறிப்புகளில், மணிக்கட்டின் அசைவைப் பாடும் குரலின் மூச்சுக்கு ஒப்பிட்டிருக்கிறார். ஸ்லர் என்னும் வளைகோடு போட்டு இணைத்த இரண்டு சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் சுரத்தில் கை தன் எடையோடு இறங்குகிறது, இரண்டாவதில் மணிக்கட்டு மெல்ல மேலெழ, விரல் கட்டையை விட்டு விலகுகிறது. இறங்கும் சுரம் நிறைந்தும் எழும் சுரம் தணிந்தும் ஒலிப்பதால், சொற்றொடர் அங்கே முடிந்தது கேட்பவருக்குத் தானாகவே புரிகிறது. பாடுபவர் சொல்லின் நடுவில் மூச்சு வாங்குவதில்லை. அதுபோலவே மணிக்கட்டு எழ வேண்டிய இடம் எது என்பதை இசைதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சுரத்துக்கும் எழுந்து விழுந்தால் வரி துண்டு துண்டாகிவிடும்.

உங்கள் ஆசிரியரின் நாணயத்தைப் பற்றி நான் குறைவாகப் பேச விரும்பவில்லை. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. பியானோ ஆசிரியரான ஜோஹான் பெர்ன்ஹார்ட் லோஜியர் 1814ஆம் ஆண்டிலேயே மணிக்கட்டையும் விரல்களையும் நிலைநிறுத்தும் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதைப் பின்பற்றி, பாரிசின் புகழ்பெற்ற ஆசிரியரான கால்க்பிரென்னர் கட்டைகளுக்கு முன்னால் ஒரு சட்டத்தைப் பொருத்தி, முன்கையை அதன் மேல் தாங்கவைத்து வாசிக்கப் பயிற்றினார். அந்தக் காலத்துப் பியானோவின் கட்டைகள் இன்றையவற்றைவிட இலேசானவை, குறைந்த ஆழமே இறங்குபவை; விரலின் வலிமை மட்டுமே அவற்றுக்கு ஏறக்குறையப் போதுமானதாக இருந்தது. கருவி கனத்துவிட்டது, பயிற்சி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. தொடக்க மாதங்களில் கை தொளதொளவென்று குதிப்பதைத் தடுக்க நாணயம் உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் ஆண்டிலும் அது புறங்கையிலேயே இருந்தால், அதைக் காப்பாற்றுவதற்காக மணிக்கட்டு இறுகப் பழகிவிடும்.

எனக்கு அப்படித்தான் ஆயிற்று. பல ஆண்டுகள் வாசித்த பிறகு ஒரு மூத்த கலைஞர், நான் ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, என் மணிக்கட்டுக்கு அடியில் இரண்டு விரல்களை வைத்து மேலே தூக்கினார். முழுக்கையும் தோள் வரை ஒரு பலகையைப் போல எழுந்தது. “சுரம் ஒலித்து முடிந்துவிட்டது, இன்னும் எதை அழுத்துகிறீர்கள்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான விடை பியானோவின் உள்ளமைப்பில் இருக்கிறது. கட்டை இறங்கும் ஆழம் சுமார் 10 மில்லிமீட்டர். அதை மெதுவாக இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை போதும். கட்டை அடித்தளத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தி அதிலிருந்து விடுபட்டுத் தானே பறந்து தந்தியை அடிக்கிறது. அதன்பின் நாம் எவ்வளவு அழுத்தினாலும் ஒலியில் எதுவும் மாறாது. கட்டை எழாமல் இருக்கும் அளவுக்குச் சிறு எடை தங்கினாலே சுரம் தொடரும். சுரம் பிறந்த கணத்திலேயே அழுத்தத்தைக் கைவிடுவதுதான் நாம் கற்க வேண்டியது. அது கைவந்துவிட்டதா என்பதை மணிக்கட்டுதான் காட்டிக்கொடுக்கும். ஆகவே ஒரு கார்டை மென்மையாக வாசித்து, கட்டைகளை விடாமலே மணிக்கட்டை மேலும் கீழும், வலமும் இடமும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். தடையின்றி நகர்ந்தால் கை விடுபட்டிருக்கிறது. எங்கேனும் சிக்கினால், தேவைக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் சி, ஜி, ஈ, ஜி. இங்கே உதவும் அசைவை எல்லோரும் மணிக்கட்டுச் சுழற்சி என்று அழைத்தாலும், உண்மையில் சுழல்வது முன்கை. பூட்டில் சாவியைத் திருப்பும்போது நிகழ்வதைப் போல, முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றைச் சுற்றித் திரும்புகிறது. மணிக்கட்டு அந்தத் திருப்பத்தை இறுக்கமில்லாமல் கைக்குக் கடத்தினால் போதும். சுண்டுவிரல் சி-யில், கட்டைவிரல் ஜி-யில், நடுவிரல் ஈ-யில் இருக்கட்டும். சி-க்குக் கை சுண்டுவிரல் பக்கம் சாய்கிறது, ஜி-க்குக் கட்டைவிரல் பக்கம் திரும்புகிறது, ஈ-க்கு மீண்டும் சுண்டுவிரல் பக்கமாகச் சிறிது, பிறகு மறுபடியும் கட்டைவிரல் பக்கம். முதலில் மடியின் மேல் கையை வைத்து இந்தத் திருப்பத்தை மட்டும் பழகுங்கள். பின்பு கட்டைகளில், ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நின்று யோசிக்கும் அளவு மெதுவாக, திருப்பத்தைப் பெரிதாக்கிச் செய்யுங்கள். கட்டைவிரல் தனியாக எம்பி அடிப்பது நின்று, கை திரும்புவதாலேயே அது இறங்குவதை ஒரு கட்டத்தில் உணர்வீர்கள். வேகம் கூடக்கூடத் திருப்பம் சிறுத்து, கடைசியில் கண்ணுக்கே ஏறக்குறையத் தெரியாமல் போகும். நீங்கள் முன்பு முயன்றபோது சுரங்கள் சிதறியதற்குக் காரணம், பக்கவாட்டில் திரும்ப வேண்டிய கையை நான்கு சுரத்துக்கும் மேலும் கீழுமாக ஆட்டியதாகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்கேலில் வலக்கை ஏறும்போது, கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில் இழுத்து நுழைப்பதைக் குறைத்துக்கொண்டு, கையும் மணிக்கட்டும் சற்று முன்னதாகவே வலப்பக்கம் நகரட்டும். கட்டைவிரல் தன் கட்டைக்கு மேலே தானாக வந்து சேரும். அந்த இடத்தில் விழும் முட்டலான ஒலியும் குறையும். இரண்டு கைகளும் மார்புக்கு நேரே நெருங்கும் பகுதியில் முழங்கைகளை உடலோடு ஒட்டி வைத்தால் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக ஒடிந்து நிற்கும். முழங்கையைச் சற்றே விலக்குங்கள். கையை அகல விரித்து வாசிக்கும் ஆக்டேவ்களை (எட்டுச் சுர இடைவெளிகளை) இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

இருக்கையின் உயரத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். முழங்கை ஏறக்குறையக் கட்டைகளின் மட்டத்தில் இல்லையென்றால், நான் சொன்ன எதுவும் எளிதாக வராது. கடுப்பு தொடங்கியதும் அந்தப் பகுதியை நிறுத்திவிட வேண்டும். வலியைத் தாண்டி வாசிப்பதால் வலிமை வளராது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றில் மரத்துப்போதலோ கூச்சமோ தோன்றினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரே குறுகிய வழியாகச் செல்கின்றன. அந்த அறிகுறி அங்கே நரம்பு நெருக்கப்படுவதைக் குறிக்கலாம்.

ஆசிரியரிடம் நாணயத்தைப் பற்றி விவாதிக்கத் தேவையில்லை. அந்த 16 பார்களை அவர் முன் வாசித்து, எந்தப் பாரில் கடுப்பு தொடங்குகிறது என்பதைச் சொல்லி, அந்த இடத்தில் உங்கள் முன்கையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அதே பகுதியைச் சுழற்சியோடு பாதி வேகத்தில் வாசித்துக் காட்டி, ஒலியில் வேறுபாடு தெரிகிறதா என்று கேளுங்கள். அதற்கு முன் இரண்டு வாரங்களாவது தினமும் பத்து நிமிடம் இடக்கையை மட்டும் பழகியிருப்பது நல்லது.

அன்புடன்.