போர்முனையில் பாட்டுக்கு மெட்டுப் போட்ட சிப்பாய் யார்?

கேள்வி: போர்க்காலத்தில் தேசபக்திப் பாடல்களை உருவாக்கிய, தானே படைவீரராகவும் இருந்த இசைக்கலைஞர் யாராவது இந்தியாவில் உண்டா?

உண்டு. கேப்டன் ராம் சிங் தாக்கூரி. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் பாடி நடந்த ‘கதம் கதம் படாயே ஜா’ (அடி மேல் அடி வைத்து முன்னேறு) பாட்டுக்கு மெட்டமைத்தவர். அந்தப் பாட்டைத் தெரிந்த அளவுக்கு இவரை நமக்குத் தெரியாமல் போனதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

இமாச்சலத்தில் தர்மசாலாவுக்குப் பக்கத்தில் ஒரு கூர்க்கா குடும்பத்தில் 1914-ல் பிறந்தார். சின்ன வயதிலேயே கூர்க்கா படைப்பிரிவின் பேண்டில் சேர்ந்துவிட்டார். பிரிட்டிஷ் ராணுவத்தோடு மலாயாவுக்குப் போன இடத்தில் ஜப்பானியரிடம் போர்க்கைதியானார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. அப்புறம் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். 1943-ல் அங்கே வந்த நேதாஜி அவருடைய வாசிப்பைக் கேட்டு ஒரு வயலின் பரிசளித்தார். கடைசிவரை அதை அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

கல்லூரியில் என்சிசி பேண்டில் நான் சைடு டிரம் வாசித்தவன். இந்த மெட்டின் அருமை அங்கேதான் புரிந்தது. அணிவகுப்பில் இடது கால் தரையில் படும்போது பாஸ் டிரம் என்ற பெரிய முரசின் அடி விழ வேண்டும். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 120 காலடி. இந்தப் பாட்டில் ‘க’ என்னும்போது கால் எழும், ‘தம்’ என்னும்போது ஊன்றும். எங்கள் அணியில் இந்தி தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் யாருக்கும் கால் தப்பாது. வரிகளை எழுதியவர் வம்சிதர் சுக்லா என்ற இந்திக் கவிஞர். அந்த வரிகளை நடக்க வைத்தது ஒரு பேண்டுக்காரரின் காது. நடந்து நடந்து கால் வலித்தவரால்தான் இப்படி ஒரு மெட்டுப் போட முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

யாருக்காகப் போட்டார் என்பதையும் பாருங்கள். இந்திய தேசிய ராணுவத்தில் பஞ்சாபியரும் கூர்க்காக்களும் மட்டும் இல்லை. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணி படையில் லட்சுமி சுவாமிநாதனின் தலைமையில் நின்ற பெண்களிலும் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். ஆளுக்கொரு தாய்மொழி பேசிய அத்தனை பேரையும் ஒரே அடியில் நடக்க வைக்க வேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் தெளிவுபடுத்திவிடுகிறேன். ‘ஜன கண மன’ மெட்டே ராம் சிங்குடையதுதான் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. அது சரியில்லை. தாகூரின் அந்தப் பாடல் 1911-லேயே கல்கத்தா காங்கிரஸில் பாடப்பட்டுவிட்டது. ராம் சிங் இசையமைத்தது, அதைத் தழுவி இந்துஸ்தானியில் எழுதப்பட்ட ‘சுப சுக சைன்’ பாடலுக்கு. நேதாஜி போர்க்காலத்தில் சிங்கப்பூரில் அமைத்த சுதந்திர இந்திய அரசுக்கு அதுவே தேசிய கீதம். அவருக்கு அந்தப் பெருமையே தாராளமாகப் போதும், இன்னொருவருடையதை எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

போர் முடிந்து தோற்ற படையோடு கைதியாகத் திரும்பியவர், 1947 ஆகஸ்டில் செங்கோட்டையில் தன் குழுவோடு வாசித்தார். பிறகு உத்தரப் பிரதேச ஆயுதப் போலீஸின் பேண்டை வளர்த்தெடுத்தார். 2002-ல் லக்னோவில் காலமானார்.

‘கதம் கதம்’ பாட்டைச் சினிமா வடிவத்தில் மட்டும் கேட்டிருந்தால், ராணுவ பேண்ட் வாசிக்கும் பதிவு ஒன்றை யூடியூபில் தேடிக் கேளுங்கள். பாஸ் டிரம் எங்கே விழுகிறது என்று கவனித்தாலே நான் சொல்வது பிடிபடும்.